சுவரில் வரைய முடியாத பேர்

பிள்ளை மறுபடியும் மாரில் முட்டினான். இப்ப வேணாம் கண்ணு, இத்தனை சனத்துக்கு நடுவுல வேணாம் என்று மணியோசை அவனை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வேர்த்திருந்த அவன் உச்சந்தலை அவள் முழங்கை மடிப்பில் சூடாக ஒட்டிக்கொண்டது. மணியோசை என்பது இப்போதெல்லாம் அவள் மனசுக்குள் மட்டும் இருக்கிற பேர். இந்தக் கல்யாண மண்டபத்தில் யாரைக் கேட்டாலும், மேடைப் படி ஓரமா பச்சைப் புடவையில உக்காந்திருக்கே, அதுவா, வார்டு செயலாளர் வடமலையோட மருமக தீபா என்றுதான் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு, தீபா என்று கூப்பிட்டால் அவளே திரும்பிவிடுகிறாள். கூப்பிடுவது கூடப் பெரிதில்லை, தான் திரும்பிவிடுவதுதான் அவளுக்குப் பயமாக இருக்கிறது. மேடையில் தலைவர் தில்லைவளவனுக்கு எழுபத்தைந்தாம் பிறந்தநாள் விழா. பேசுகிறவர்கள் பேசி முடித்ததும் பிள்ளைகளுக்குப் பேர் வைக்கிற நிகழ்ச்சி. அதற்காகத்தான் அவளும் இன்னும் சில தாய்மார்களும் கைப்பிள்ளைகளோடு காலையிலிருந்து இந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பல் முளைத்துவிட்டது பிள்ளைக்கு. தவழ்கிறான், கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்கிறான், இன்னும் பேர் இல்லை. தலைவர் வாயால் பேர் வாங்காத பிள்ளை இந்த வீட்டில் கிடையாது என்று மாமனார் சொல்லிவிட்டார். தலைவருக்கு ஒரு தடவை மாநாடு, ஒரு தடவை காலில் ஆபரேஷன், ஒரு தடவை தேதி கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். அதுவரைக்கும் தம்பி, குட்டி, டேய். ஊசி போடுகிற நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள், என்னம்மா இன்னுமா பேரு வைக்கல. மணியோசை தரையைப் பார்ப்பாள். பதில் சொல்வதே அவளுக்கு ஒரு வேலை. தொண்டையில் எதையோ நகர்த்தி வைத்துவிட்டுத்தான் சொல் வெளியே வரும், வருவதற்குள் கேட்டவர்கள் போய்விடுவார்கள். பக்கத்து நாற்காலியில் மாமியார் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். “ஏண்டி, மேல ஏறினதும் மொதல்ல புள்ளைய அவரு கையில குடு. அப்புறமா கால்ல வுழு. வுழும்போது முந்தானைய இடுப்புல சொருகிக்க. போன வருஷம் பாக்கியம் மருமக முந்தானைய மிதிச்சி அவரு மேலயே சாஞ்சிட்டா. இன்னி வரைக்கும் தெருவுல அவளுக்குக் கூட்டணின்னுதான் பேரு.” மணியோசைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டாள். படி ஏறணும். எல்லாரும் பார்ப்பார்கள். அவர் வாயைத் திறந்து ஒரு பேரைச் சொல்வார். சொல்லிவிட்டால் முடிந்தது, அப்புறம் அதுதான் பிள்ளை.

ஒலிபெருக்கி அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. வெள்ளாறு கரையை உடைத்த அந்த மழைக்காலத்தில், என்று நகரச் செயலாளர் தலைவரின் வாழ்க்கையை ஆரம்பித்தார், கரும்பு ஆலையிலே கணக்கு எழுதிக்கொண்டிருந்த நம் தலைவர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மணல் மூட்டையோடு மூட்டையாக உடைப்பிலே படுத்தார், தன் முதுகாலே வெள்ளத்தை நிறுத்தினார். கைதட்டல் எழுந்தது. பிள்ளை திடுக்கிட்டு இரண்டு கைகளையும் விரித்தான், அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்பா சொன்னது வேறே. அப்பா அய்யாவு அன்றைக்கு அங்கே இருந்தவர். முதுகால யாரும்மா தண்ணிய நிறுத்த முடியும், அவரு படுக்கல, சேத்துல உக்காந்து அழுதாரு, ஊரு போச்சே அய்யாவுன்னு சின்னப்புள்ள மாதிரி அழுதாரு, அதைப் பாத்துட்டுத்தான் நாங்க மூட்டையத் தூக்கினோம் என்பார் அப்பா. அவளுக்கு அப்பா சொல்கிற தலைவரைத்தான் பிடிக்கும். ஊருக்காக அழுத ஒருத்தருக்கு ஓட்டுப் போட்டார்கள், அது சரிதான் என்று படும். அப்போது அவருடைய கட்சி மணிக் கட்சி, சின்னம் மணி. அப்பா சுவர் எழுதுகிறவர். சுண்ணாம்பு அடித்து, காயவிட்டு, நூல் போட்டு, கோவில் மணி மாதிரி ஒரு மணி, நடுவில் ஒரு நாக்கு, பக்கத்தில் உங்கள் அண்ணன் தில்லைவளவன். ஊரில் அவர் வரையாத சுவர் இல்லை. மாட்டுக் கொட்டகை, ரைஸ்மில், சுடுகாட்டுக் காம்பவுண்டு. அப்போது தலைவர் ஊருக்கெல்லாம் அண்ணன். அண்ணன் ஜெயித்தார். ஜெயித்த அந்த மாசம் அம்மா பிரசவித்தாள். வெற்றிக் கூட்டத்தில் சனத்தின் தலைக்கு மேலேயே கைமாற்றிக் கைமாற்றி அவளை மேடைக்கு அனுப்பினார்களாம், யாரோ முன்பின் தெரியாத ஆட்களின் கைகள், அத்தனை கைகளில் ஒருத்தர் கூடக் கீழே போடவில்லை என்று அப்பா எப்போதும் வியப்பார். அண்ணன் மைக்கில் சொன்னாராம், இவ பேரு மணியோசை, இவ அழுதா அது நம்ம மணி அடிக்கிற சத்தம். அப்புறம் வந்த மாசித் திருவிழாவில் பச்சை குத்துகிற அம்மாவிடம் அப்பாவும் அண்ணனும் அடுத்தடுத்து உட்கார்ந்து மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே மணியைக் குத்திக்கொண்டார்கள். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அதே திருவிழாவில் அவளுக்கும் குத்தினார்கள், இடது கையில், உள்பக்கம். அழுதாள். வலிக்குதா என்று அப்பா ஊதிக்கொண்டே இருந்தார். பெயிண்டு வாசனை அடிக்கிற மூச்சு. இப்போது அந்த மணியின் மேல்தான் பிள்ளை தலை வைத்திருக்கிறான். பிறந்ததிலிருந்து அவனே அதை மறைத்துக்கொண்டிருக்கிறான். தலைவரின் மணி எங்கே என்று ஊருக்கெல்லாம் தெரியாது. அவர் கட்டியிருக்கிற கடிகாரத்தின் பட்டை எருமைத் தோலில் செய்தது, நாலு விரல் அகலம், குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்பார்கள். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அப்பா இப்போது இல்லை.

அதன் பிறகு, என்றார் நகரச் செயலாளர், நம் தலைவர் கையிலே தீபத்தை ஏந்தினார், தொகுதியின் இருட்டைப் போக்கினார், மந்திரியானார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தப்பிவிட்டார் போல, ஒரு தாளைத் திருப்ப மறந்துவிட்டார் போல என்று ஒரு கணம் நினைத்தாள். வெள்ளத்துக்கும் தீபத்துக்கும் நடுவில் எத்தனையோ நடந்தது. மணியில் ஜெயித்தது, அடுத்த தடவை அதே மணியில் தோற்றது, மணிக் கட்சித் தலைமை இவரை மதிக்காததால் படகுக் கட்சிக்குப் போனது, படகில் இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் கரை சேராதது, அப்புறம்தான் தீபம், அப்புறம்தான் ஒன்றரை வருஷம் மந்திரி, அப்புறம் காரணம் சொல்லாமல் எடுத்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற பாலத்தை அவர் மணியில் இருந்தபோதுதான் கொண்டுவந்தார். அம்மாவுக்கு வயிற்றுவலி வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக அந்தப் பாலம் இல்லையென்றால் அம்மா அன்றைக்கே போயிருப்பாள். அதைக்கூடச் சொல்லவில்லை. அந்த வருஷங்களின் மேல் யாரோ மேடையிலிருந்து சத்தமில்லாமல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அதில்தான் அவள் பிறந்தாள். அவளோடு படித்தவர்கள் இருக்கிறார்கள், மணிமாலை, மணிமொழி, மணிக்கண்ணு. அவளுக்குப் பிந்தினவர்கள் ஓடத்தரசி, தோணிராசன். மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுகிற தோணிராசன் இப்போது வெறும் ராசன். தலைவர் மட்டும் என்ன, வீட்டில் வைத்த பேர் நடராசன். மேடை ஏறினதும் தானே தில்லைவளவன் என்று வைத்துக்கொண்டார். அவருடைய அம்மா சாகிறவரைக்கும் நட்டு என்றே கூப்பிட்டாளாம். மந்திரியின் கார் வாசலில் நிற்க, போலீஸ் நிற்க, டேய் நட்டு, சாப்ட்டியாடா. அவருக்காவது கூப்பிட ஒருத்தி இருந்தாள். மணியோசைக்கு அம்மாவும் இப்போது இல்லை. அப்பா அண்ணன் போன இடத்துக்கெல்லாம் போனார். நான் மணிக்கு எழுதல, அவருக்கு எழுதினேன் என்பார். தான் வரைந்த மணிகளின் மேல் தானே சுண்ணாம்பு அடித்தார், படகு வரைந்தார், படகின் மேல் அடித்தார், தீபம் வரைந்தார். ஒவ்வொரு மழைக்கும் பழையது கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரைஸ்மில் சுவரில் படகின் வயிற்றுக்குள் மணியின் விளிம்பு நீலமாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். இருக்கு, இன்னும் இருக்கு. யாரிடமும் சொன்னதில்லை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றதும் அந்தப் பக்கம் போக வேலை இல்லாமல் போயிற்று. கல்யாணம் பேசினபோது வடமலை மாமா அப்பாவிடம் சொன்னார், பத்திரிகையில தீபான்னே போட்டுடலாம் சம்பந்தி, எதிர்க்கட்சி மணிய எங்க வீட்டுல அடிக்க முடியாது பாருங்க. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். உங்க இஷ்டம் என்றார். அவள் கதவுக்குப் பின்னால் தட்டில் காபியோடு நின்றிருந்தாள். அப்பா நிமிர்ந்து கதவைப் பார்க்கவே இல்லை. அத்தனை கைகளில் ஒருத்தர் கூடக் கீழே போடல என்று சொன்ன அப்பா. காபியில் ஆடை படிந்தது, அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்க் கொடுத்தாள்.

“என்னாடி பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க” என்றாள் மாமியார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இங்க கேளு. இந்தத் தடவ இவருக்கு சீட்டு இல்லையாம். பேரன் வயசுல ஒருத்தன், மாவட்டம் கை காட்டின ஆளாம். பூக்கடைக்காரி சொன்னா. சீட்டு இல்லன்னா இவரு சும்மாவா இருப்பாரு? வேற எங்கனா பொறப்பட்டுடுவாரு. உங்க மாமா மறுபடியும் கரை வேட்டி எல்லாத்தையும் மூட்டை கட்டணும். போன தடவ படகு வேட்டிய என்னா பண்றதுன்னு தெரியாம தலவாணிக்கு உறை தைச்சேன். இன்னமும் படகு மேலதான் தூங்குறாரு மனுசன்.” மணியோசை மேடையைப் பார்த்தாள். மாமா மேடை ஓரத்தில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார இடம் இருந்தும் உட்காராமல் நின்றிருந்தார். நடுவில் தலைவர். வெள்ளைச் சட்டைக்குள் உடம்பு சுருங்கியிருந்தது, கழுத்து காலருக்குள் கிடந்து ஆடிற்று. தன் வாழ்க்கையை ஒருத்தர் மைக்கில் சொல்லும்போது அவர் அதைக் கேட்கிற மாதிரியே தெரியவில்லை. பஸ் வராத பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தார். சீட்டு இல்லையாம். அப்படியென்றால் இப்போது வைக்கப்போகிற பேர் என்ன ஆகும். தீபச்சுடர், தீபவாணன், இந்த மாதிரி ஏதோ வைப்பார், மாமா அதை நோட்டீஸ் அடிப்பார், அடுத்த மழைக்குள் இவர் வேறு எங்கோ போவார், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இன்னொருத்தர் வந்து இந்தப் பேரு வேணாம் தம்பி, இப்ப நாம அந்தக் கட்சி இல்ல என்பார். இவனும் புதுப் பேருக்குத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொள்வான். அவள் மாதிரியே. இது நடக்கக் கூடாது. இவனுக்கு வேண்டாம். கர்ப்பமாக இருக்கும்போதே அவள் தேடினாள். எந்தக் கட்சியும் எடுக்க முடியாத ஒரு பேர். கதிர் என்று யோசித்தாள், அது ஒரு கட்சியின் சின்னம். மலர், இன்னொரு கட்சியுடையது. முரசு, சேவல், ஏணி, குடம், குக்கர், கத்திரிக்கோல், தேங்காய் கூட ஒரு சுயேச்சைக்கு இருந்தது. கண்ணால் பார்க்கிற எதை எடுத்தாலும் அது ஏதோ ஒரு சுவரில் இருந்தது. அப்பாவின் தூரிகை அவளுக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய்விட்டிருந்தது. கடைசியில், வரைய முடியாத ஒன்று வேணும் என்று தோன்றியது. பிரசவ வார்டில் முதல் தடவையாகப் பால் கொடுத்தபோது, வலியோடு வலியாக, நாக்கடியில் கற்கண்டு கரைகிற மாதிரி ஒரு இனிப்பு உடம்பெல்லாம் ஓடிற்று. இதை யாரால் வரைய முடியும். எத்தனை சுண்ணாம்பு அடித்துவிட்டு வரைந்தாலும் முடியாது. இனியன் என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளை குடிப்பதை நிறுத்திக் கேட்டது மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் கூப்பிட்டாள். குளிப்பாட்டும்போது தண்ணீர் சத்தத்துக்குள் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் ஞானவேலிடம் கூடச் சொல்லவில்லை. அவர் திருப்பூரிலிருந்து மாசத்துக்கு ஒரு தடவை வருகிறவர், நல்லவர், ஆனால் நல்லவர்கள் தங்கள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். இப்போது எந்தச் சத்தத்துக்கு நடுவிலும் இனியன் என்றால் பிள்ளை திரும்புகிறான். தம்பி என்றால் திரும்புவதில்லை. காது மந்தமோ என்று மாமியார் ஒரு நாள் பித்தளைத் தட்டைத் தட்டிப் பார்த்தாள். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேர் வைக்கிற நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. முதல் பிள்ளைக்குத் தீபச்செல்வி, அடுத்ததுக்குச் சுடரரசன், அதற்கடுத்ததுக்கு ஒளிவேந்தன், தலைவரின் குரல் ஒவ்வொரு பேருக்கும் ஏறி இறங்கிற்று, பழக்கத்தால் தானாக ஏறுகிற குரல், சனம் தட்டிற்று, வரிசை நகர்ந்தது, நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின, அவள் கால் மரத்துப்போயிருந்தது, பாதத்துக்கடியில் படிகளின் விளிம்பு, யாரோ முதுகில் கை வைத்து ஏறும்மா என்றார்கள், விளக்கு வெளிச்சம், மாலையில் இருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் ஈரமாக மிதிபட்டன, மைக் பக்கத்தில் மாமா, நம்ம பேரன் தலைவரே, வார்டு பதினொன்னு என்று சொல்லிக்கொண்டிருந்தார், அவர் கண்ணில் தண்ணீர். மாமாவுக்கும் ஏதோ ஒரு உடைப்பில் யாரோ அழுததைப் பார்த்த நாள் இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றிற்று. பிள்ளைய குடு, பிள்ளைய குடு. அவள் கொடுத்தாள். கொடுத்ததும் இடது கை வெறுமையாயிற்று. வேர்வையில் பளபளவென்று மணி அங்கே தெரிந்தது, அவளால் கையைத் திருப்ப முடியவில்லை, முந்தானை இடுப்பில் சொருகியிருந்தது. தலைவர் அதைப் பார்த்தார். பிள்ளை அவருடைய கடிகாரத்தைப் பிடித்து இழுத்தான். மெலிந்த கையில் பட்டை தளர்ந்து சறுக்கிற்று, அதன் அடியில் வெளிறின பச்சையில் மணியின் நாக்கு மட்டும் தெரிந்தது. அவர் மைக்கை உள்ளங்கையால் மூடினார். “யார் பொண்ணும்மா நீ?” அவள் தொண்டையில் இருந்ததை நகர்த்தினாள். “சுவரு எழுதுற அய்யாவு பொண்ணுங்க.” “அய்யாவு...” என்றார். “இருக்கானா?” அவள் இல்லை என்று தலையசைத்தாள். எனக்கு யாரும் சொல்லலியே என்று அவர் யாரிடமோ சொன்னார், மாமாவிடம் இல்லை, அவளிடம் இல்லை. பிறகு அவளை நன்றாகப் பார்த்தார். “மணியோசை.” கேள்வியாகச் சொல்லவில்லை. அப்பா செத்ததற்கு அப்புறம் இப்போதுதான் அந்தப் பேரை வெளியிலிருந்து கேட்கிறாள். ஈரமான ரோஜா இதழில் கால் வழுக்கிற்று, கீழே விழப்போகிறோம், கூட்டணி என்று பேர் வைப்பார்கள், விழக் கூடாது. “மருமக பேரு தீபாங்க தலைவரே” என்றார் மாமா, குனிந்து, மரியாதையாக. தலைவர் பிள்ளையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் அணைத்துக்கொண்டு, “இவன நீ என்னன்னு கூப்புடுற?” என்று கேட்டார். எப்படித் தெரிந்தது. கூப்பிடுகிறாள் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது. டேய் நட்டு, சாப்ட்டியாடா. அவளுக்குக் காது அடைத்தது, சனம் எல்லாம் தூரத்துக்குப் போயிற்று, கதவு சாத்தின அறையில் இருக்கிற மாதிரி இருந்தது, அந்த அறையில் எப்படிச் சொல்வாளோ அப்படி, உதடு மட்டும் அசைய, சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மைக்கிலிருந்து கையை எடுத்தார். “நம்ம வடமலை பேரனுக்கு,” என்று குரல் பழக்கப்படி ஏறிற்று, அங்கே நின்றது, ஏற்றிய இடத்திலிருந்து மெதுவாக இறங்கி வந்தது, “இனியன்.” ஒரு கணம் யாரும் தட்டவில்லை. தீபமும் இல்லை, சுடரும் இல்லை, எதற்குத் தட்டுவது என்று தெரியாத அமைதி. அந்த அமைதியில் பிள்ளை தலையைத் தூக்கினான். பேர் வந்த ஒலிபெருக்கியைப் பார்த்தான், தலைவரின் வாயைப் பார்த்தான், பிறகு சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான், நீயா கூப்பிட்ட என்கிற மாதிரி, புதுப்பல் தெரியச் சிரித்தான். மாமா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். “பாருங்கடா,” என்று சனத்தைப் பார்த்துச் சொன்னார், குரல் உடைந்திருந்தது, “தலைவர் வாயால வந்த பேரு. காதுல வுழுந்த உடனே திரும்புறான் பாருங்க.” மண்டபம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள், குளியலறையில் தண்ணீருக்குள் கூப்பிடுகிற மாதிரி, அவள் பிள்ளையின் பேரைச் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். தலைவர் கொடுத்தார். பிள்ளை வந்து மணியின் மேல் தலை வைத்தான்.